மாடி பாத்ரூமில் ஊற்றிய சொட்டு நீலம்

போன வருஷம் ஐப்பசி மாசம், விட்டு விட்டு மழை பெஞ்சுக்கிட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. வேப்பம்பட்டு ஸ்டேஷன்ல இறங்கி, ஒரு கையில பக்கெட், இன்னொரு கையில குடை, தோள்ல பெரிய பைன்னு நான் நடந்து போனதைப் பார்த்தவங்க யாரும் இவ பரீட்சைக்குப் போறான்னு நினைச்சிருக்க மாட்டாங்க. வீட்டு வேலைக்குப் போறான்னுதான் நினைச்சிருப்பாங்க. ஆனா எனக்கு அன்னிக்குப் பரீட்சைதான். நாப்பது வயசுல, அதுவும் பூசணத்துல!

இந்தக் கூத்து எப்படி ஆரம்பிச்சதுன்னு முதல்ல சொல்லிடறேன். எங்க ஊர் கும்மிடிப்பூண்டி பக்கம். எங்க அம்மாவும் அப்பாவும் அடுத்தவங்க நிலத்துல வேலை செஞ்சவங்க. நானும் என் வீட்டுக்காரரும் கம்பெனிக்குப் போறவங்க. தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில பேக்கிங் வேலையில இருந்தேன். கான்ட்ராக்ட் முடிஞ்சுது. ஆர்டர் வந்தா கூப்பிடறோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எப்போ போன் அடிக்கும்னு காத்துக்கிட்டு வீட்டுல உக்காந்திருந்தப்போதான் ஒரு பயிற்சி மையத்தோட நோட்டீஸ் கண்ணுல பட்டுது. வீட்டுச் சுவர்ல பிடிக்கிற பூசணத்தை எடுக்கறதுக்குப் பயிற்சி, முடிச்சா சர்டிபிகேட்னு போட்டிருந்துச்சு. படிச்சதும் எனக்குச் சிரிப்பு தாங்கல. வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன்.

"இத்தினி நாளா சர்டிபிகேட் இல்லாமலா நம்ம ஊட்டு செவுத்த தொடச்சிக்கினு இருந்த? போலீஸ் புடிச்சிருந்தா இன்னா பண்ணிருப்ப?"ன்னு அவருக்கு ஒரே கிண்டல்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு விஷயம் ஏன் அப்படி இருக்குன்னு தெரியலைன்னா எனக்குச் சோறு இறங்காது. கம்பெனியில மெஷின்ல சிவப்பு லைட் எரிஞ்சா ஏன் எரியுதுன்னு கேட்டு சூப்பர்வைசர் உயிரை எடுப்பேன். "உனுக்கு எதுக்கும்மா அது, டப்பாவ மடி"ம்பாரு. தொடைக்கிற வேலைக்கு எதுக்குடா படிப்பு, அதுல அப்படி என்னதான் சொல்லித் தருவாங்கன்னு மண்டையைக் குடைய ஆரம்பிச்சுடுச்சு. சும்மா ஒரு நாள் போய் உக்காந்து பார்க்கலாம்னு போனவதான், கடைசி வரைக்கும் ஒரு நாள்கூட லீவு போடல.

சத்தியமா சொல்றேன், முதல் நாளே எனக்கு வாயடைச்சுப் போச்சு. பூசணத்துக்கு உயிர் இருக்கு, அதுவும் நம்மள மாதிரி தண்ணி குடிச்சு வளருதுன்னாங்க. காஞ்ச விளக்குமாத்தால பரபரன்னு தேய்ச்சா அது போகாது, கண்ணுக்குத் தெரியாத தூளா பறந்து நம்ம மூக்குக்குள்ளயும் பக்கத்து ரூமுக்கும் போய் உக்காந்துக்கும்னாங்க. நான் வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி அதைத்தானே செஞ்சுக்கிட்டிருந்தேன்! பிளீச்சிங் பவுடர் போட்டா கறுப்பு வெளுக்குமே தவிர வேர் அப்படியே இருக்கும், மேல பெயிண்ட் அடிச்சா அதுக்குப் போர்வை போத்தி விட்ட மாதிரின்னு சொன்னாங்க. ஆனா இதையெல்லாம் விட முக்கியமா ஒண்ணைத் தினமும் சொல்லுவாங்க. தொடைக்கிறது வேலையில பாதிகூட இல்ல, அதுக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை. அதைக் கண்டுபிடிக்காம தொடைச்சா அடுத்த மழைக்கு மறுபடி வந்து நிக்கும்.

அதுக்கப்புறம் எனக்குப் பைத்தியமே பிடிச்சுடுச்சு. யார் வீட்டுக்குப் போனாலும் கண்ணு நேரா சுவர் மூலைக்குத்தான் போகும். ஒரு வளைகாப்புக்குப் போன இடத்துல எல்லாரும் வளையல் அடுக்கிக்கிட்டிருக்காங்க, நான் பீரோவுக்குப் பின்னால மோந்து பார்த்துக்கிட்டிருந்தேன். என் நாத்தனார் வந்து, "இன்னாத்த திருடற?"ன்னு கேட்டுட்டா.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சார் என்னைவிட வயசுல ரொம்பச் சின்னவர். வெளிநாட்டுல இதே வேலை செஞ்சுட்டுத் திரும்பி வந்தவர். அவர் என்னை அக்காம்பார், நான் அவரை சார்ம்பேன். கடைசிப் பரீட்சைக்கு ஆளுக்கு ஒரு நிஜமான வீட்டைக் கொடுத்துட்டார். முதல் நாள் தனியா போய்ப் பார்க்கணும். மறுநாள் மதியம் அவர் வருவார். தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஆதாரத்தோட சொல்லணும், அப்புறம்தான் சுவர்ல கை வைக்கலாம். காரணத்தைத் தப்பா சொன்னா சர்டிபிகேட் கிடையாது. எனக்கு விழுந்தது வேப்பம்பட்டு வீடு.

கீழ ஒரு குடும்பம், மாடியில ஒரு குடும்பம். அண்ணன் கீழ, தம்பி மேல. அந்த அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவங்களும் கூடப் பொறந்த அக்கா தங்கச்சி. கேக்கறப்போ எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க! ஆனா நான் உள்ள நுழைஞ்சதும் கீழ் வீட்டு அக்கா சொன்ன முதல் விஷயமே, மாடியில இருக்கறவளோட பேசி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்கறதுதான்.

காரணம், நான் பார்க்க வந்த அதே சுவர். ரெண்டு மழைக்காலத்துக்கு முன்னாடி மாடி பாத்ரூம்லேருந்து கீழ் ரூமுக்குத் தண்ணி கசிஞ்சிருக்கு. அப்பவே வாய்த் தகராறாகி மேல கீழ போக்குவரத்து நின்னு போச்சாம். மேல இருக்கறவங்க தரையைப் பேத்து சரி பண்ணிட்டோம்னு சொல்லியிருக்காங்க. ஆனா அடுத்த மழைக்குக் கீழ சுவர் மறுபடி கறுத்துப் போச்சு. சரியா பண்ணாமலே பண்ணிட்டோம்னு பொய் சொல்றான்னு இவங்க, வேணும்னே பழி போடறான்னு அவங்க. அந்த ரூம்லதான் அக்காவோட ஏழு வயசுப் பொண்ணு படுத்துக்கிட்டிருந்திருக்கா. அவளுக்கு இழுப்பு வந்துடுச்சு. டாக்டர் வேற வீட்டுல ஓதம் இருக்கான்னு கேட்டுட்டார். அவ்வளவுதான், சண்டை முத்திப் போச்சு.

"நாயித்திக்கெழம மேஸ்திரி வரார்மா. இந்தப் படிக்கட்ட மறைச்சி செவுரு வெக்கப் போறோம். அவங்களுக்கு வெளிய தனியா இரும்புப் படி. இனிமே அவ யாரோ நாங்க யாரோ"ன்னாங்க அக்கா. அவங்க வீட்டுக்காரர் மட்டும், படிச்சிட்டு ஒரு ஆள் வராங்களே, அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு செங்கல் இறக்கலாம்னு சொல்லியிருக்காராம்.

நான் என் பரீட்சைக்கு வந்தா, என் வாயிலேருந்து வர்ற ஒரு வார்த்தைக்காக இங்க ஒரு சுவரே காத்துக்கிட்டிருக்கு!

ரூமுக்குள்ள போகலாம்னு பையிலேருந்து ரப்பர் பூட்ஸை எடுத்தேன். அக்கா பதறிட்டாங்க. உள்ள நெல்லு இருக்கு, செருப்பு பூட்ஸ் எதுவும் கூடாதுன்னாங்க. பூட்ஸ் இல்லாம பூசணம் பிடிச்ச ரூமுக்குள்ள போகக் கூடாதுன்னு எங்க பாடம். லட்சுமி இருக்கற ரூமுக்குள்ள போட்டுக்கிட்டுப் போகக் கூடாதுன்னு அவங்க பழக்கம். கடைசியில சமையல்கட்டுலேருந்து ரெண்டு புது பிளாஸ்டிக் கவர் வாங்கி வெறுங்கால்ல மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கிட்டேன். மாஸ்க், கையுறை, கால்ல கவர். வாசப்படியில நின்னு பார்த்த பாப்பா களுக்குன்னு சிரிச்சா, சிரிச்ச வேகத்துல இருமினா. அந்த இருமலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு போயிடுச்சு.

ரூம்ல ஒரு பக்கம் வெறும் கட்டில். இன்னொரு பக்கம் வெளிச்சுவரை ஒட்டி, ஜன்னல் பாதி மறையற உயரத்துக்கு நெல்லு மூட்டை. முன்வரிசை மூட்டைங்களுக்கு மஞ்சள் குங்குமம் வெச்சிருந்துச்சு. இவங்களுக்கு ஆர்.கே.பேட்டை பக்கம் சொந்த நிலம் இருக்கு. ஆவணி வாக்குல சொர்ணவாரிப் பட்டத்து அறுவடை முடிஞ்சதும் சாப்பாட்டுக்கான நெல்லு குட்டி யானை வண்டியில நேரா இங்க வந்துடுமாம். மூட்டையைக் கொஞ்சம் நகர்த்திப் பின்னால இருக்கற சுவரைப் பார்க்கலாமான்னு கேட்டேன். வெள்ளிக்கிழமை நெல்லை இடம் மாத்த மாட்டோம், நாளைக்குன்னா பார்த்துக்கலாம்னாங்க. சரின்னு விட்டுட்டேன். எங்க வீட்டுல நெல்லு மூட்டையே கிடையாது, எல்லாம் ரேஷன் அரிசி. அதோட நியமம் எனக்கு என்ன தெரியும்?

மேல பார்த்தேன். கூரை மூலையில மாடி பாத்ரூமுக்கு நேர் கீழ, டீ கொட்டின மாதிரி ஒரு பெரிய கறை. அதுக்குக் கீழ சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. சின்னக் குழந்தைகூட விரலைக் காட்டிச் சொல்லிடும், மேலேருந்துதான் இறங்குதுன்னு. அக்கா என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

"சொல்லும்மா, மேலதானே?"

ஆமாம்னு சொல்ல என் வாய் வந்துடுச்சு. ஆனா ஒரு சின்ன விஷயம் எனக்கு உதைச்சுது. ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கறையைத் தொட்டுப் பார்த்தேன். காஞ்சு போய் இருந்துச்சு. வெளிய ஒரு வாரமா மழை, மாடியில தினமும் குளிக்கறாங்க. அங்கேருந்து தண்ணி இறங்கினா இது ஏன் காஞ்சிருக்கணும்? ஆனா கீழ, மூட்டைக்குப் பக்கத்துல சுவர் ஜில்லுன்னு நசநசன்னு இருக்கு. நாளைக்குச் சொல்றேன்க்கான்னு இறங்கிட்டேன். அவங்களுக்கு முகம் சுண்டிப் போச்சு.

எங்களுக்கு ஒரு வேடிக்கையான வித்தை சொல்லிக்கொடுத்திருந்தாங்க. கண்ணாடி மாதிரி இருக்கற பிளாஸ்டிக் தாளைச் சதுரமா வெட்டி, சுவர்ல வெச்சு, நாலு பக்கமும் காத்து போகாம டேப் ஒட்டிடணும். மறுநாள் பார்க்கணும். தாளுக்கு அடியில தண்ணி முத்து முத்தா நின்னா சுவருக்குள்ளேருந்து வருதுன்னு அர்த்தம். தாளுக்கு மேல ஈரம் படிஞ்சா ரூம்ல இருக்கற காத்துலேருந்து வருதுன்னு அர்த்தம். மூட்டை பக்கத்துல ஒண்ணு, கறைக்குக் கீழ ஒண்ணுன்னு ஒட்டினேன். பாப்பா கதவுகிட்ட நின்னுக்கிட்டே, இது எதுக்கு அது எதுக்குன்னு நூறு கேள்வி. எனக்கு ஏத்த ஜோடிதான் போங்க!

இன்னொரு வித்தைக்கு நான் மாடிக்குப் போயாகணும். படி ஏறறப்போ அக்காவோட பார்வை என் முதுகுல குத்திச்சு.

மேல் வீட்டுத் தங்கச்சி கதவைப் பாதி திறந்து, கீழேருந்து சண்டைக்கு வந்த ஆள்னு நினைச்சு, "இன்னா?"ன்னு ஒரே வார்த்தையில கேட்டா. விஷயத்தைச் சொன்னேன். பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டையை அடைச்சிட்டு, தரை முழுகற மாதிரி தண்ணி விட்டு, அதுல சொட்டு நீலத்தைக் கலக்கணும். நாளைக்குக் காலையில வரைக்கும் அப்படியே இருக்கணும். மேலேருந்து ஒழுகினா கீழ சுவர்ல நீலம் தெரியும். அவ்வளவுதான்.

அவ உள்ள போய்த் துணிக்கு வெச்சிருந்த சொட்டு நீலத்தை எடுத்துட்டு வந்து, பழைய துணியைப் பந்தா சுருட்டி ஓட்டையில அடைச்சு, தண்ணியைத் திறந்துவிட்டு, அவ கையாலயே நீலத்தை ஊத்தினா. தரையெல்லாம் ஊதா நிறமா பரவறதையே பார்த்துக்கிட்டு நின்னா.

"சரியாத்தான் பண்ணோம். எங்க ஊட்டுக்காரர் பக்கத்துலயே நின்னு பண்ண வெச்சாரு. ஒருவேள மேஸ்திரி ஏமாத்தியிருந்தா எனுக்கு இன்னா தெரியும்? கீழ நீலம் தெரிஞ்சா அவ்ளோதான், எங்க அக்கா மூஞ்ச நான் இந்த ஜென்மத்துல பாக்க முடியாது"ன்னா.

பேச ஆரம்பிச்சதும் அவளால நிறுத்த முடியல. சண்டைக்கு அப்புறம் ஊர்லேருந்து வந்த நெல்லுகூட தன் வீட்டுக்கு வரலியாம். பொது நிலத்து நெல்லு இருக்க, கடையில அரிசி வாங்கித் தின்கிறோம்னு சொல்றப்போ மூக்கு சிவந்துடுச்சு. நான் கிளம்பறப்போ கதவைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டா, பாப்பாவுக்கு இப்போ எப்படி இருக்குன்னு. ராத்திரி இருமல் மேல கேக்குமாம். கேட்டா எழுந்து உக்காந்துக்குவாளாம், இருமல் நிக்கற வரைக்கும் படுக்க மாட்டாளாம். அதைப் போய்க் கீழ சொல்லிடலாமான்னு படியிலயே ஒரு நிமிஷம் நின்னேன். நமக்கெதுக்கு வம்புன்னு வந்துட்டேன்.

பேசின் பிரிட்ஜ்ல வண்டி மாறி வீட்டுக்கு வர்ற வரைக்கும் அதே நினைப்புதான். சர்டிபிகேட் கூட ரெண்டாம்பட்சமா போயிடுச்சு. நீலம் இறங்கக் கூடாது சாமின்னு வேண்டிக்கிட்டேன். ஆனா இறங்கலைன்னா தண்ணி எங்கேருந்துதான் வருது? அந்த ரூம்ல யாரும் குளிக்கல, சமைக்கல, துணி காயப்போடல. குழாய் அந்தச் சுவர்ல போகல. "ஏதோ கொல கேஸு துப்பு துலக்கற மாரி மோட்டுவளையப் பாத்துக்கினு இருக்க, சோத்தத் துன்னு"ன்னு வீட்டுக்காரர் திட்டினார்.

மறுநாள் காலையில மழை விட்டு பளிச்சுனு வெயில். போனதும் பூட்ஸ் சண்டை இல்லாம கவரை மாட்டிக்கிட்டு நேரா ரூமுக்குள்ள போனேன். சுவர்ல நீலம் ஒரு பொட்டுகூட இல்ல. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், ஸ்டூல் போட்டுப் பார்த்தேன், கூரையைத் தடவிப் பார்த்தேன். இல்லவே இல்ல! மாடிக்கு ஓடினேன். பாத்ரூம்ல நீலத்தண்ணி நேத்து எந்த டைல்ஸ் கோடு வரைக்கும் நின்னுச்சோ அங்கயே நின்னுக்கிட்டிருந்துச்சு. தங்கச்சி சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு அழுதுட்டா.

திரும்பக் கீழ வந்து பிளாஸ்டிக் தாளைப் பார்த்தேன். கறைக்குக் கீழ ஒட்டினதுல உள்ளயும் ஈரம் இல்ல, வெளியயும் இல்ல. மூட்டைக்குப் பக்கத்துல ஒட்டினதுல உள்பக்கம் சுத்தமா காஞ்சிருந்துச்சு. வெளிப்பக்கம், அதாவது ரூமைப் பார்த்த பக்கம், வியர்த்துப் போய் சொட்டுச் சொட்டா தண்ணி. அப்போ தண்ணி மேலேருந்தும் வரல, சுவருக்குள்ளேருந்தும் வரல. ரூமுக்குள்ளயேதான் ஏதோ தண்ணி விடுது. ஆனா என்ன?

அந்த நேரம் பார்த்து சார் வந்துட்டார். அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் என் வாயையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. ரெண்டு சோதனையையும் சொன்னேன். மாடி பாத்ரூம் இல்லைன்னு சொன்னதும் அக்காவுக்குக் கோவம் வந்துடுச்சு. மேல போய்க் காப்பி குடிச்சிட்டு வந்து பேசறியான்னு கேட்டுட்டாங்க. நான் குடிக்கலை, சத்தியமா! அக்காவோட வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நீங்களே போய் அந்த நீலத்தண்ணியைப் பார்த்துட்டு வாங்கண்ணேன்னேன். அவர் படி ஏறிப் போனார். ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் தம்பி வீட்டுக்குள்ள கால் வெச்சாராம்.

சார் என்கிட்ட, "அப்போ தண்ணி எங்க இருந்துக்கா?"ன்னார். தெரியல சார், இந்த ரூம்ல நான் இன்னும் பார்க்காதது அந்த மூட்டைக்குப் பின்னாடி மட்டும்தான்னேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையேக்கான்னு அக்காவைப் பார்த்தேன். அவங்க முணுமுணுத்துக்கிட்டே மூட்டையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு வந்து ஒரு முனையைப் பிடிச்சாங்க. சார் ஒரு பக்கம், நாங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம். முன்வரிசையை இழுத்துக் கட்டில்கிட்ட தள்ளினோம்.

பின்வரிசை மூட்டைங்களோட வாய்ல எல்லாம் மஞ்சத் துணி கட்டியிருந்துச்சு. இது என்னக்கா தனியான்னு கேட்டேன்.

"அது அவ பங்கு. போன சொர்ணவாரியும் இருக்குது, இந்த சொர்ணவாரியும் இருக்குது. என்னோடத துன்னாலும் துன்னுவேன், அவளோடதுல கை வெக்க மாட்டேன். வந்து ஒரு வார்த்த கேட்டா எடுத்துக்கினு போன்னு சொல்லிருப்பேன். வந்தாளா? கேட்டாளா?"

எனக்கு நேத்து மாடியில கேட்டதெல்லாம் நெஞ்சுக்குள்ள வந்து முட்டிச்சு. அவங்களுக்குத் தெரியாதேக்கா, இங்க இருக்குன்னு நீங்க சொன்னீங்களான்னு கேட்டுட்டேன். அக்கா கோவத்துல பின்வரிசை மூட்டை ஒண்ணைத் தனியாவே இழுக்கப் போனாங்க. சாக்கு நைஞ்சு போயிருந்துச்சு, அடியில அப்படியே பிஞ்சு, நெல்லு தரையில கொட்டிச்சு. கொட்டின நெல்லு கறுப்பா கட்டி கட்டியா இருந்துச்சு. நடுவுல வெள்ளையா முளை விட்டிருந்துச்சு. அதுலேருந்து ஒரு நாத்தம் கிளம்பிச்சு பாருங்க, மாஸ்க் போட்டிருந்த எனக்கே தலை சுத்திச்சு. பின்னால சுவர் தரையிலேருந்து இடுப்பு உயரத்துக்குத் தார் பூசின மாதிரி கறுத்துக் கிடந்துச்சு. நாங்க வெளிய பார்த்த புள்ளியெல்லாம் இதோட பேரப்பிள்ளைங்க.

அக்கா அப்படியே மண்டி போட்டு, பக்கத்துல இருந்த இந்த வருஷத்து மூட்டையோட மஞ்சத் துணியை அவிழ்த்து, முழங்கை வரைக்கும் உள்ள கையை விட்டாங்க. விட்ட கையை வெடுக்குன்னு எடுத்தாங்க.

"ஐயையோ, சுடுதும்மா! உள்ள வேவுது!"

நானும் கையுறையைக் கழட்டிட்டுக் கையை விட்டுப் பார்த்தேன். நிஜமாவே உள்ள வெதுவெதுன்னு வேர்த்துப் போய் இருந்துச்சு. அப்புறம்தான் அக்காவே கோர்வையா சொன்னாங்க. முன்னெல்லாம் களத்துல காய வெச்சு அனுப்புவாங்களாம். இப்போ மிஷின்ல அறுத்து, மழைக்குப் பயந்து அன்னிக்கே சாக்குல பிடிச்சு வண்டி ஏத்திடறாங்க. வந்ததும் மொட்டை மாடியில பரப்பிக் காய வெச்சுட்டுத்தான் அடுக்கறது வழக்கம். ஆனா மொட்டை மாடிக்கு மேல் வீட்டுக்குள்ள போய்த்தான் ஏறணும். சண்டை வந்ததுக்கு அப்புறம் மேல போக யாருக்கு மனசு வரும்? ஈர நெல்லை அப்படியே அடுக்கிட்டாங்க. ரெண்டு வீட்டு நெல்லு, ரெண்டு அறுவடை. அவ பங்கு யார் கையும் படாம சுவரோரமா கிடந்து வெந்திருக்கு. அந்த ஆவியெல்லாம் மழைக்கு ஜில்லுன்னு இருக்கற வெளிச்சுவர்ல போய் வியர்த்து நின்னிருக்கு.

ஓட்டை பாத்ரூம்ல இல்ல. நெல்லுல ஒரு குத்தம் இருக்கும்னு அந்த வீட்டுல யாருக்குமே தோணல. லட்சுமியை யார் போய்ச் சந்தேகப்படுவாங்க?

அக்கா கீழ கொட்டிக் கிடந்த கறுப்பு நெல்லைக் கையில அள்ளிப் பார்த்துட்டு ஓன்னு அழுதாங்க. சோத்தைப் பாழாக்கிட்டேனேன்னு அழுதாங்க, எம்பொண்ணு மூச்ச நானே அடைச்சி வெச்சிருந்தேனேன்னு அழுதாங்க. மாடிக்குப் போன அவங்க வீட்டுக்காரர் படியில பாதியில வந்து நின்னுக்கிட்டிருந்தார்.

நான் இப்போ சமாதானம் பேசணுமா, மாடியில கேட்டதையெல்லாம் சொல்லணுமான்னு தவிச்சுக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்தாங்க. விடுவிடுன்னு போய், மறுநாள் சுவர் வெக்கறதா இருந்த அந்தப் படிக்கட்டுக்குக் கீழ நின்னாங்க. மேல பார்த்து வீடே அதிர ஒரு சத்தம் போட்டாங்க.

"அடியே! நெல்லு வேவுதுடீ! மாடியில காய வெக்கணும், கதவத் தொற!"

மன்னிப்பு இல்ல, விளக்கம் இல்ல. ஒரு வருஷத்துக்கு மேல பேசாம இருந்தவங்க முதல் வார்த்தையே அதட்டல்! மேல தாழ்ப்பாள் விலகற சத்தம் கேட்டுச்சு. தங்கச்சி தடதடன்னு இறங்கி வந்தா. ரூம் வாசல்ல நின்னு மூட்டைங்களைப் பார்த்தா, மஞ்சத் துணியைப் பார்த்தா.

"இதெல்லாம் எனுக்காக்கா?"

"பின்ன யாருக்குடீ? பாத்துக்கினு நிக்கற, அந்தப் பக்கம் தூக்கு."

அவ தூக்கினா. அழுதுக்கிட்டேதான் தூக்கினா. அடிவரிசை எதுக்கும் ஆகாதுன்னு சார் சொன்னார். அதை மாஸ்க் போட்டுக்கிட்டு நானும் சாரும் பெரிய பெரிய பிளாஸ்டிக் கவர்ல கட்டி ஜாக்கிரதையா வெளியேத்தினோம். நல்லா இருந்ததையெல்லாம் அண்ணன்காரர் தோள்ல ஏத்தி மொட்டை மாடிக்குக் கொண்டு போனார். நான் ரூம் கதவை அடைச்சு, ஜன்னலைத் திறந்து வெச்சு, பாடத்துல சொன்ன மாதிரி ஈரத் துணியும் சோப்புத் தண்ணியுமா சுவரைத் துடைக்க ஆரம்பிச்சேன். ஜன்னல் வழியா மொட்டை மாடியிலேருந்து சரக் சரக்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. என்னன்னு தெரியாம வேலை ஓடுமா எனக்கு? கையைக் கழுவிட்டு மேல போய்ப் பார்த்தேன். அக்காவும் தங்கச்சியும் வெயில்ல பரப்பின நெல்லை எதிரெதிரா நடந்து காலால கிளறிக்கிட்டிருந்தாங்க. பாப்பா சித்தி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே போயிக்கிட்டிருந்தா.

பாப்பாவுக்கு இழுப்பு மறுநாளே நின்னுடுச்சுன்னு நான் கதை விட மாட்டேன். மருந்து இன்னும் இருக்கு, ஆனா இருமல் முன்ன மாதிரி இல்லைன்னு அப்புறம் போன்ல சொன்னாங்க. மேஸ்திரி வந்தாராம். வந்தவரை வெச்சு நெல்லு மூட்டை சுவரைத் தொடாம இருக்க ஒரு மேடை கட்டிக்கிட்டாங்களாம். எனக்கு சர்டிபிகேட் கிடைச்சுது. வீட்டுக்காரர் அதை லேமினேஷன் போட்டுட்டு வந்து, இனிமே போலீஸ் பயம் இல்லைன்னார். இப்போ திருநின்றவூர், திருவள்ளூர்னு நாலு இடத்துலேருந்து கூப்பிடறாங்க, வேலை ஓடுது.

எந்த வீட்டுக்குப் போனாலும் பையைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் கேக்கற முதல் கேள்வி, இந்த வீட்டுல யார் யாரோட பேசறதில்லைங்கறதுதான். சிலர் முறைக்கறாங்க, சிலர் சிரிக்கறாங்க. ஆனா எந்தச் சாமானை யாரும் ரொம்ப நாளா தொடாம வெச்சிருக்காங்கன்னு அந்தப் பதில்லயே பாதி தெரிஞ்சுடுது.